பெயரை வாங்காமல் கொடுங்கள்

அன்பின் பிள்ளைகளுக்கும் உறவுகளுக்கும்,

இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றைப் போட்டு வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை நமது பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை வந்தது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகள், ஊரில் கஷ்டப்பட்டுப் படிக்கிற மாணவர்களை ஆளுக்கு ஒருவராகப் பொறுப்பெடுக்கிறார்கள். மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள். அதற்குப் பாடசாலை அந்தப் பிள்ளையின் படத்தையும் குடும்ப விவரத்தையும் அனுப்பவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளை நன்றி சொல்லும் காணொளியும் அனுப்பவேண்டும். "சேர், பிள்ளைகளை நீங்கள்தான் தெரிந்து தரவேண்டும்" என்று கேட்டிருந்தீர்கள்.

நான் உடனே பதில் போடவில்லை. சேருக்குக் கோபம் என்று சிலர் கதைத்ததாகக் கேள்வி. கோபம் இல்லை. பணம் கொடுக்க மனம் வந்த பிள்ளைகளோடு யாருக்குக் கோபம் வரும்? ஆனால் முப்பத்தைந்து வருஷம் வரலாறு படிப்பித்தவனுக்கு நேராகப் பதில் சொல்ல வராது. பழைய கதை ஒன்றைச் சொல்லித்தான் விஷயத்துக்கு வருவேன். வகுப்பிலும் அப்படித்தான் என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் கேட்கும் காரியம் புதியதல்ல. ஏறக்குறைய இருநூறு வருஷங்களுக்கு முன் இதே குடாநாட்டில் இதே ஏற்பாடு நடந்தது. அப்போது பணம் அனுப்பியவர்கள் அமெரிக்கர்கள். வாங்கிப் படித்த பிள்ளைகள் எங்கள் பூட்டன் பூட்டி காலத்துப் பிள்ளைகள்.

1815 ஒக்ரோபரில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து பாய்க்கப்பல் ஒன்று புறப்பட்டது. ஐந்து மாதம் கடலில் கிடந்து 1816 மார்ச்சில் கொழும்பை வந்தடைந்தது. அதில் வந்தவர்கள் அமெரிக்க மிஷனின் இளம் போதகர்கள். அந்த வருஷத்துக்குள்ளேயே அவர்கள் யாழ்ப்பாணம் வந்தார்கள். பின் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த பழைய தேவாலயக் கட்டடங்களைத் திருத்திக் குடியேறினார்கள். தெல்லிப்பழைக்குப் போனவர்களில் ஒருவர் டானியல் பூவர். அடுத்த சில வருஷங்களில் மிரோன் வின்சிலோ, லீவை ஸ்போல்டிங், வைத்தியர் ஜோன் ஸ்கடர் ஆகியோர் வந்து சேர்ந்தார்கள். தமிழ் அகராதி ஒன்றை 1862இல் வெளியிட்டாரே, அந்த வின்சிலோதான் இவர்.

அவர்கள் வரும்போது இங்கே படிப்பே இருக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. மணலிலும் ஓலையிலும் பிள்ளைகள் எழுதினார்கள். மிஷன் ஊர் ஊராகத் தொடங்கிய இலவசப் பாடசாலைகளில் படிப்பித்தவர்களிற் பலர் திருநீறு பூசிய எங்கள் ஊர்ச் சட்டம்பிமாரே. மிஷனுக்கு அது போதவில்லை. பிள்ளைகளை வீட்டுச் சூழலிலிருந்து எடுத்துத் தங்கள் வளவிலேயே வைத்து, சோறும் உடுப்பும் கொடுத்துப் படிப்பிக்க விரும்பினார்கள். அப்படித் தொடங்கியவையே விடுதிப் பாடசாலைகள். அவற்றின் தொடர்ச்சியாக 1823இல் வட்டுக்கோட்டை செமினரியும், 1824இல் ஹரியற் வின்சிலோ அம்மையார் தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் வந்தன.

பிள்ளையைத் தங்கவைத்தால் செலவு. அந்தச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நமது கதை.

அமெரிக்காவின் பெருஞ்செல்வர்களிடமிருந்து மட்டும் வந்ததல்ல அது. சிறு ஊர்களில் பெண்கள் கூடித் தைத்து விற்ற காசு வந்தது. ஞாயிறு பாடசாலைச் சிறுவர்கள் சேர்த்த காசு வந்தது. பொஸ்ரன் நகரில் 1802லேயே பெண்கள் வாரம் ஒரு சதம் போட்டுச் சேர்க்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அதைப் பார்த்து அத்தகைய சதச் சங்கங்கள் பல ஊர்களில் உண்டாயின. எங்கள் அம்மாமார் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை வேறு பானையில் போட்டுவைப்பதைப் போன்ற காரியம். தான் ஒருநாளும் காணப்போகாத பிள்ளைக்காக ஒரு சதத்தை ஒதுக்கிவைத்த அந்தப் பெண்களை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அவர்களை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு பிள்ளையின் வருஷச் செலவைப் பொறுப்பெடுக்கும் ஆளோ சங்கமோ அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயரைத் தெரிவு செய்யலாம். கொடுத்தவர் தன் பெயரையே வைக்கலாம், தன் ஊர்ப் போதகரின் பெயரை வைக்கலாம், மதிப்புக்குரிய ஒருவரின் நினைவாகவும் வைக்கலாம். பொஸ்ரனிலிருந்து வெளிவந்த 'மிஷனரி ஹெரால்ட்' என்ற மாத இதழில் நன்கொடைப் பட்டியல் அச்சாகும். இன்ன ஊர்ச் சங்கம், இலங்கையில் இன்ன பெயருடைய பிள்ளைக்காக, இவ்வளவு டொலர் என்று அதில் இருக்கும். பணம் கட்டியவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் பிள்ளை அங்கே இருக்கிறது என்று ஆறுதல் கொள்வார்கள்.

எங்கள் பழைய புத்தகங்களில் விசித்திரமான பெயர்கள் வருகின்றனவே, நீங்கள் கூட வகுப்பில் சிரித்திருக்கிறீர்கள். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் இருவரின் பெயர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். அவர்கள் வெள்ளைக்காரர் அல்லர், வட்டுக்கோட்டையில் படித்த தமிழர். இப்படி அந்தக் காலத்து யாழ்ப்பாணத் தமிழர் பலரின் பெயருக்கு முன்னால் ஓர் அமெரிக்கப் பெயர் வந்து குந்தியிருப்பதன் வரலாறு இதுதான்.

பெயர் மாறினால் என்ன, சோறும் படிப்பும் கிடைத்ததே என்று நீங்கள் கேட்கலாம். நானும் இளம் வயதில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. பொழுதுபட்ட நேரம் படலையடியில் நின்று அந்தத் தாய் 'நெவின்ஸ்' என்றா மகனைக் கூப்பிட்டிருப்பாள்? பேரனாரின் பெயரை விட்ட பிள்ளைக்கு, முகம் தெரியாத ஒரு போதகரின் பெயர். பட்டினிக்கும் படிப்புக்கும் நடுவில் நிற்கிற குடும்பத்திடம் 'சம்மதமா' என்று கேட்பது கேள்வியே அல்ல.

எங்கள் ஆட்களும் வாய்பேசாமல் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடவில்லை. கிறிஸ்தவர் வளவில் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்று பெற்றோர் நின்றார்கள். அதனால் தொடக்க காலத்தில் பிள்ளைகளுக்கான சமையலை மிஷன் வளவுக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதில் ஒட்டிக்கொண்டிருந்தது சாதித் தடிப்பும்தான், அதை மறைக்கக்கூடாது. செமினரியில் படித்தவர்கள் பெரும்பாலும் வெள்ளாளக் குடும்பங்களின் பிள்ளைகள். கல்வி மிக அவசியமாயிருந்த எத்தனையோ பிள்ளைகளின் படலைக்கு அந்த டொலர் வரவேயில்லை. யாருக்குக் கொடுப்பது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இனி 1837க்கு வாருங்கள். அந்த வருஷம் அமெரிக்காவில் பெரிய பணநெருக்கடி. மே மாதம் நியூயோர்க் வங்கிகள் தாள் காசுக்கு நாணயம் மாற்றிக்கொடுப்பதை நிறுத்தின. வியாபாரங்கள் முறிந்தன. மிஷனுக்கு வந்த நன்கொடை விழுந்தது. பொஸ்ரனிலிருந்து இங்கே உத்தரவு வந்தது, செலவைக் குறையுங்கள் என்று. யாழ்ப்பாணத்தில் மிஷன் நடத்திய ஊர்ப் பாடசாலைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அந்தப் பிள்ளைகள் செய்த பிழை என்ன? நியூயோர்க்கில் ஒரு வங்கி கதவைச் சாத்தியதற்கு மானிப்பாயில் ஒரு பிள்ளை ஏன் படிப்பை விடவேண்டும்? இந்தப் பகுதியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பின்வாங்கில் இருக்கிற பிள்ளைகள் கூட நிமிர்ந்து இருப்பார்கள். அவர்களில் பலருக்கு அது தெரிந்த கதை. அப்பா அனுப்புகிற பணம் நின்றால் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு ஆரும் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது சம்பவம் 1855. அப்போதைக்கு வட்டுக்கோட்டை செமினரி பெயர்பெற்ற கல்விச்சாலை. தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம், கணிதம், வானசாஸ்திரம் எல்லாம் அங்கே படிப்பித்தார்கள். பொஸ்ரன் தலைமையகத்தின் செயலாளர் றூபஸ் அன்டர்சன் தூதுக்குழுவாக வந்து பார்த்தார். அவருக்கு மனம் நிறையவில்லை. நாங்கள் போதகர்களை உருவாக்கப் பணம் அனுப்பினோம், இவர்களோ ஆங்கிலம் படித்துவிட்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பதுதான் குறை. தாய்மொழியிலேயே படிப்பிக்கவேண்டும் என்று அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. ஆனால் முடிவு என்ன? செமினரி 1855இல் மூடப்பட்டது. பிள்ளைகள் கெட்டுப்போனதற்காக அல்ல. கொடுத்தவர்கள் எதிர்பார்த்த வழியில் அவர்கள் போகவில்லை என்பதற்காக.

அவர்கள் போன வழி எது என்று பாருங்கள். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதற் பட்டதாரிகள் இருவர், கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும். இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். இருவருமே பின்னாளில் சைவத்துக்குத் திரும்பினார்கள். தாமோதரம்பிள்ளைதான் செல்லரித்துக் கிடந்த ஏடுகளைத் தேடி எடுத்து, 1887இல் கலித்தொகையை முதன்முதலாக அச்சில் ஏற்றினார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' என்று தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை எழுதித் தந்தார். வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1880களில் யாழ்ப்பாண நகரில் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அது கைமாறி, 1890இல் சைவ பரிபாலன சபையிடம் வந்தது. அதுதான் இன்றைய யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி.

யோசித்துப் பாருங்கள். அமெரிக்கப் போதகர் ஒருவரின் பெயரைச் சுமந்த பிள்ளை போட்ட விதையிலிருந்து இந்துக் கல்லூரி முளைத்தது. பணம் கொடுத்த சங்கத்தார் இதைக் கேள்விப்பட்டிருந்தால், எங்கள் காசு வீணாய்ப் போயிற்று என்றுதான் சொல்லியிருப்பார்கள். எனக்கோ, அந்தக் காசு கொடுத்த மிகப் பெரிய பலன் அதுதான் என்று படுகிறது. கல்வி கொடுத்தால் பிள்ளை தன் புத்தியால் தன் வழியைத் தேடும். கொடுத்தவர் விருப்பத்துக்குள் அடங்கிக் கிடந்தால் அதற்குப் பெயர் கல்வி அல்ல, பழக்கியெடுத்தல்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பெயரை மாற்றாமல், சமயத்தை விடாமல் எங்கள் பிள்ளைகள் படிக்கலாம் என்று காட்டினார். ஊர்க் கிறிஸ்தவர்களும் தங்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்று விடாமல் கேட்டு, 1872இல் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழும்பியது. பெரிய படிப்பு வேண்டும் என்ற ஆசை வந்தபின் அதை ஆராலும் மூடிவைக்க முடியவில்லை.

ஒரு பிள்ளைக்கு ஒரு கொடையாளர் என்ற முறை பின்னர் உலகெங்கும் பரவியது. 1937இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அநாதைகளான பிள்ளைகளுக்காக ஒன்று, 1938இல் சீனப் பிள்ளைகளுக்காக ஒன்று, 1950களில் கொரியப் பிள்ளைகளுக்காக ஒன்று என்று நிறுவனங்கள் தோன்றின. படமும் கடிதமும் அனுப்பி ஒரு பிள்ளையை ஒரு ஆளோடு இணைத்தால் பணம் தவறாமல் வரும் என்று அவர்கள் கண்டார்கள். உண்மைதான், வரும். எத்தனையோ உயிர்களை அந்தப் பணம் காப்பாற்றியது. ஆனால் ஒரே வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பார்சல் வர, பக்கத்து வாங்குப் பிள்ளைக்கு வராமல் போவதன் வலியும் கூடவே வந்தது. அதனால்தான் பிற்காலத்தில் அந்த நிறுவனங்களே பலவும் தனிப்பிள்ளையின் கையில் கொடுக்காமல் ஊருக்கும் பாடசாலைக்கும் பொதுவாகச் செலவழிக்கும் முறைக்கு வந்தன.

இதுவரை அடுத்தவர் கதை. இனி என் கதையையும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இந்தப் பதிவை எழுத எனக்கு உரிமை இல்லை.

போர் முடிந்து சில வருஷங்களுக்குள் நடந்தது. நான் அப்போது படிப்பித்துக்கொண்டிருந்த பாடசாலைக்கு வெளிநாட்டிலிருந்து சிலர் சப்பாத்தும் புத்தகப்பையும் கொண்டுவந்தார்கள். நல்ல மனிதர்கள். மேடை போட்டு, பதாகை கட்டி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினோம். ஒலிவாங்கி என் கையில் இருந்தது. ஒவ்வொரு பெயராக வாசித்தேன். பெயரோடு, 'தந்தையை இழந்தவர்', 'தாயை இழந்தவர்' என்றும் வாசித்தேன். அப்படி எழுதித் தந்திருந்தார்கள். நானும் வாசித்தேன்.

ஒரு பிள்ளை மேடைக்கு வந்து பையை வாங்கியதும், படம் எடுக்கிற நேரம் அந்தப் பையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். "பிள்ளை, பையைக் கொஞ்சம் கீழே இறக்கு" என்று சொன்னது வேறு யாருமல்ல, நான்தான். அவள் இறக்கினாள். படம் எடுத்தார்கள்.

அடுத்த நாள் அவள் பழைய செருப்போடு வந்தாள். ஏன் சப்பாத்துப் போடவில்லை என்று கேட்டேன். "அளவில்லை சேர்" என்றாள். கடதாசியில் அவள் பாதத்தை வைத்துக் கோடு கீறி அளவெடுத்துக் கொடுத்தவன் நான். அளவு சரி என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நான் ஒன்றும் சொல்லாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். அன்றைக்கு என்ன பாடம் நடத்தினேன் என்பது நினைவில்லை, அவள் காலில் கிடந்த செருப்பு நினைவிருக்கிறது.

அந்தப் பிள்ளை இதை வாசிக்கக்கூடும். பெயர் சொல்லவில்லை, அவளை ஆரும் அடையாளம் காணாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். பிள்ளை, நான் செய்தது பிழை. இத்தனை வருஷம் பிந்திச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

இருநூறு வருஷத்துக்கு முன் கொடுத்தவர்கள் பெயரைக் கேட்டார்கள். இன்றைக்கு நாங்கள் படத்தைக் கேட்கிறோம். எனக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. பிள்ளைகளைத் தெரிந்து, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துத் தரமாட்டேன். ஆனால் வேலையில் முழுமூச்சாக நிற்பேன், இந்த முறையில் செய்வதானால்.

முதலாவது, எல்லாப் பணமும் ஒரே பொது நிதியில் விழவேண்டும். ஆருடைய காசு எந்தப் பிள்ளைக்குப் போயிற்று என்று கொடுத்தவருக்கும் தெரியக்கூடாது, பிள்ளைக்கும் தெரியக்கூடாது. யாருக்கு எது தேவை என்பதை வகுப்பாசிரியரும் அதிபரும் பெற்றோர் இருவரும் இருந்து கதைத்துத் தீர்மானிக்கட்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு மட்டும் என்று வைக்கவேண்டாம். கணக்கில் இருபது புள்ளி எடுக்கிற பிள்ளைக்கும் பசிக்கும்.

இரண்டாவது, 1837ஐ மறக்கவேண்டாம். ஒரு பிள்ளைக்கு ரியூசன் காசோ பஸ் காசோ கொடுக்கத் தொடங்குமுன், இரண்டு வருஷத்துக்குப் போதுமான பணம் வங்கியில் இருக்கவேண்டும். உங்களுக்கும் வேலை போகலாம், வீட்டுக்கடன் இறுகலாம். அதில் வெட்கமில்லை. அந்தச் சுமை பிள்ளையின் தலையில் இறங்காமல் இருந்தால் போதும். சிறிதாகத் தொடங்குவோம், நிற்காமல் நடத்துவோம்.

மூன்றாவது, படித்து முடித்த பிள்ளை என்ன ஆனது என்று கேட்டு அளக்கவேண்டாம். டொக்ரராகலாம், மேசனாகலாம், கடை போடலாம். உங்களுக்குப் பிடிக்காத கட்சிக்கு வாக்கும் போடலாம். அது அவர்கள் பாடு.

கணக்கு மட்டும் கட்டாயம் கேளுங்கள். வரவு செலவு ஒவ்வொரு ரூபாயும் பற்றுச்சீட்டோடு குழுவில் வரும், அதற்கு நான் பொறுப்பு. கணக்கைக் கேட்பது உங்கள் உரிமை. பிள்ளையின் முகத்தைக் கேட்பது உங்கள் உரிமை அல்ல.

இப்படிச் சொன்னால் பணம் குறையும் சேர், முகத்தைப் பார்த்தால்தான் மனம் இளகும் என்று சிலர் சொல்வீர்கள். குறையலாம். ஆனால் உங்களை எனக்குத் தெரியும். பக்கத்து வாங்குப் பிள்ளை சாப்பாடு கொண்டுவராத நாளில், அவனுக்குத் தெரியாமல் புத்தகப்பையின் மேல் பாண் துண்டை வைத்துவிட்டு விளையாடப் போனவர்கள் உங்களில் இருக்கிறார்கள். நான் யன்னலால் பார்த்திருக்கிறேன். அந்தப் பாணுக்கு ஆரும் படம் எடுக்கவில்லை.

சம்மதம் என்கிறவர்கள் குழுவில் ஒரு சொல் எழுதுங்கள். வருகிற மாத ஓய்வூதியத்தோடு நான் தொடங்குகிறேன். பிழையாக ஏதும் சொல்லியிருந்தால் திருத்துங்கள், உங்கள் சேருக்கு இன்னும் படிக்கக் கிடக்கிறது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்